பாயேன், தாயேன்

லுங்கியில் சுற்றிய டேபிள் ஃபேனைக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கெடிலம் பாலத்து முனையில்
என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தான்.
மழை விட்டிருந்தது.
கரண்ட் வரவில்லை.

தீதீ, பாவாடைராயன் குடோன் கிதர் ஹை?

ஃபோன் செத்துவிட்டதென்று
கறுத்த திரையைக் காட்டினான்.

எனக்கு இந்தி தெரியும்.
செம்மண்டலத்து டீச்சர் வீட்டில்
பாய் விரித்துப் படித்து
பிராத்மிக் பாஸ், மத்யமா ஃபெயில்.
பேனா மேஜைமேல் இருக்கிறது.
கோபாலின் தங்கை பால் குடிக்கிறாள்.
இன்றைக்கும் தடுக்காமல் சொல்வேன்.
இருபத்தைந்து வருஷத்தில்
கோபாலின் தங்கையைப் பற்றி
ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு கையில் மெழுகுவத்தி,
மறுகையில் தீப்பெட்டி.
மோவாயைத் தூக்கி
சீதா, என்றேன். நேராக.
எதிரே பூ கட்டும் சீதா
இன்னாடி, என்று நிமிர்ந்தாள்.
உன்னை இல்லைடி, ரோட்டைச் சொன்னேன்.

தூர்? என்றான்.
தூர் என்றால் எனக்குக் கெடிலம்தான்.
போன கோடையில் வாரி
கரையிலேயே கொட்டிவிட்டுப் போன சேறு.
அவன் தொலைவைக் கேட்கிறான் என்று
உறைக்க ஒரு நொடி ஆனது.
தூர் நஹி, என்றேன்.
இரண்டு மொழியிலும் பொய்.

பிறகு மஞ்சக்குப்பம் சிக்னல்.
அங்கே பாயேன் ஒரு பக்கம், தாயேன் ஒரு பக்கம்.
பாயேன் என்பது
குளத்தங்கரையில் நின்று அடம்பிடிப்பவன் சொல்.
தாயேன் என்றால் கெஞ்சல்.
இதில் எது இடம்?

தாயேன், என்றேன் அழுத்தமாக.
தப்பாக வழி சொல்லும்போது
குரலுக்கு எங்கிருந்தோ ஒரு தெளிவு வந்துவிடுகிறது.
தலைக்குமேல் கைகூப்பிவிட்டுப் போனான்.

கரண்ட் வந்தது.
ஒருவர் ஆதார் நகல் எடுத்தார், இரண்டு பக்கமும்.
தூக்கைத் திறந்து
புளிச்சோற்றில் கை வைத்தபோதுதான்
கொளஞ்சியின் முட்டி ஞாபகம் வந்தது.
அவள் இடதுகைக்காரி.
எழுதும்போதெல்லாம் டீச்சர் ஸ்கேலால் தட்டுவார்.
தாயேன் ஹாத், தாயேன் ஹாத்.

தாயேன் சோத்தாங்கை.
குடோன் பீச்சாங்கைப் பக்கம்.
அவனை அனுப்பியது பீச் ரோட்டில்.

கை கழுவினேனா தெரியாது.
பாதி ஷட்டரை இழுத்துவிட்டு
டிவிஎஸ்ஸை மிதித்தேன்.
டவுன்ஹால் தாண்டி, கலெக்டர் பங்களா தாண்டி,
வறுத்த மீன் வண்டிகளையும் தாண்டி.

தேவனாம்பட்டினத்து மணலில் உட்கார்ந்திருந்தான்.
லுங்கியை உதறிக் காயப்போட்டிருந்தான்.
பக்கத்தில் நிறுத்திய ஃபேன்,
ஒயர் மணலில் கிடக்க,
கடல்காற்றுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தைத் தேடினேன்.
கோபாலின் தங்கைதான் வந்தாள்.

அவன் அலையைக் காட்டிச் சொன்னான்:
சீதா கதம்.
வலை உலர்த்துகிறவர்களிடமும்
என் வார்த்தையைச் சொல்லியே கேட்டிருக்கிறான்.
எல்லோரும் நேராகவே கைகாட்டியிருக்கிறார்கள்.
நேர் தீர்ந்த இடத்தில்
மரியாதையாக உட்கார்ந்துவிட்டான்.

பின்சீட்டில் ஃபேனை மடியில் வைத்துக்கொண்டான்.
என் முதுகில் அதன் கம்பி வலை.
வழியெல்லாம் கத்திக் கத்திப் பேசினான்.
ஊர் கட்டிஹார். பெயர் புலேந்தர்.
ரூமில் ஐந்து பேர், ஜன்னல் இல்லை.
புரிந்தது அவ்வளவுதான்.
என் முறை வந்தபோது
பேனா மேஜைமேல் இருக்கிறது என்றேன்.
வண்டி குலுங்கச் சிரித்தான்.

கடலிலிருந்து திரும்பி வந்தால்
அந்தச் சிக்னலில்
பாயேனும் இல்லை, தாயேனும் இல்லை.
பச்சை விழுந்தது. நேரே போனோம்.

குடோன் வாசலில்
இருபது ரூபாயை நீட்டினான், சோத்தாங்கையால்.
கையை மறித்து, பஸ், என்றேன்.
போதும் என்றுதான் சொன்னேன்.

அவன் ஃபேனை இறக்கி வைத்துவிட்டு
எனக்காக
ரோட்டின் இரண்டு பக்கமும்
பஸ் வருகிறதா என்று பார்த்தான்.