இரவல் ஆள்

லாரி டயர்களைப் பாதி புதைத்தால் எல்லைக்கோடு.
சிமெண்ட் தரையில் கயிற்றுப்பாய் விரித்து
நாலு மூலையிலும் ஆணி அடித்தால் பிட்ச்.
சோஹாரில், துறைமுகச் சாலைக்குப் பின்னால்,
வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு டாஸ்.
எட்டரைக்குள் முடித்தாக வேண்டும்.
அதன்பிறகு வெயில்தான் பந்து வீசும்.

வாரத்தில் ஆறு நாள் போல்ட் நட் எண்ணுகிறவன் நான்.
ஏழாம் நாள் ரன் எண்ணுகிறேன்.
முழங்கால் சவ்வு போனதிலிருந்து
நங்கூரம் கிரிக்கெட் கிளப்பின் ஸ்கோர் புத்தகம்
என் மடியில்தான்.

எங்களுக்குப் பத்துப் பேர்.
பொன்னுலிங்கத்தை இரவு இரண்டு மணிக்கு
ஓவர்டைமுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.
வெள்ளிக்கிழமைச் சம்பளம் ஒன்றரைப் பங்கு.
நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

பத்துப் பேரும் ஆடி நூற்றுப் பதினெட்டு.
தவசி முப்பத்தொன்று, உதிரி பதினேழு,
மீதி எல்லாம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

ஃபீல்டிங் இறங்குமுன்
எங்கள் கேப்டன் குத்புதீன் எதிரணிப் பக்கம் போனான்,
பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்பவன்போல.
"ஒரு ஆள் இரவல் குடு ஷாஜி."
ஷாஜி அவர்கள் கேப்டன். வேலையில் ஃபோர்மேன்.
அந்த அணியில் ஏழு பேர் அவன் கேங்.
பேட் கட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னான்:
"மொமினுல், நீ போ."

மொமினுல் சில்ஹெட்காரன்.
நான்கு வாரமாகத் தண்ணீர் கேன் தூக்குகிறான்.
வெள்ளை பேண்ட் வைத்திருக்கிறான்,
முழங்காலில் இன்னும் மண் பட்டதில்லை.
குத்புதீன் தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தான்.
நீலத்தில் மஞ்சள் நங்கூரம்.
காதுவரை இறங்கியது.
டீப் மிட்விக்கெட்டில் நிறுத்தினார்கள்,
அவன் அறைக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நேர் எதிரே.

நாலு ஓவர், இருபத்தேழு ரன்.
ஷாஜி ஐம்பத்தெட்டில் நின்றான்.
இருதயராஜ் மெதுவாக ஒன்றைப் போட
ஷாஜி தூக்கினான்.
பந்து போய்
உருக்காலைப் புகைபோக்கிக்கு இணையாக ஒரு கணம்
நின்றதுபோல் இருந்தது.

பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சோட் தே!"
விளையாட்டாகத்தான். சிரித்தும்விட்டது.
வேறு யாரும் சிரிக்கவில்லை.

மொமினுல் இரண்டடி பின்னால் போனான்,
ஒரு அடி முன்னால் வந்தான்,
கொதிக்கிற டீ தம்ளரை வாங்குகிறவன்போல
இரு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான்.
கத்தவில்லை. மேலே எறியவில்லை.
பந்தை யாரிடம் கொடுப்பது என்று
சுற்றுமுற்றும் பார்த்தான்.

எங்களவர்கள் ஒன்பது பேரும் அவன்மேல் விழுந்தார்கள்.
இப்போது முழங்காலில் மண்.

ஷாஜி மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
அவனைத் தாண்டித்தான் பெஞ்சுக்குப் போக வேண்டும்.
தாண்டும்போது ஏதோ சொன்னான்.
எனக்குக் கேட்கவில்லை.
மொமினுல் தலையை ஆட்டினான்.
ஆமாம் என்றா, இல்லை என்றா,
அந்தத் தலையாட்டல் எனக்கு இன்னும் பிடிபட்டதில்லை.

இனி என் வேலை.
முறைப்படி, பிடித்தவர்: சப்.
சப்புக்குப் பெயர் கிடையாது.
ஸ்டோரிலும் அப்படித்தான்,
கணக்கில் வராத சில்லறைச் சாமான் எல்லாம்
'இதர' என்று ஒரே வரியில் போய்விடும்.
எழுதினேன்.
பிறகு பேனாவை மூடாமல்
கட்டத்துக்கு வெளியே, தமிழில்,
மொமினுல் என்றும் எழுதினேன்.
அவனால் வாசிக்க முடியாது. எதிரணி ஸ்கோரராலும்.

ஆட்டத்தில் நாங்கள் தோற்றுப்போனோம்.
அடுத்து வந்தவன் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான்,
மூன்று பந்து டயரைத் தாண்டியது.
ஒன்று முள்மரத்துக்குள் போய்
தேடவே ஆறு நிமிஷம்.

ஆணி பிடுங்கி, பாய் சுருட்டி,
டீயும் பரோட்டாவும் பங்கு வைக்கும்போது
மொமினுலுக்கு ஒரு பொட்டலம் எடுத்துவைத்தோம்.
அதற்குள் ஷாஜியின் கார் ஹாரன் அடித்தது, இரண்டு தரம்.
ஓடினான்.
முன் கதவு திறந்ததா, பின் கதவா,
புழுதியில் தெரியவில்லை.

குத்புதீன் வெறுந்தலையைத் தடவினான்.
ஸ்கோர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
பழக்க தோஷம், குறித்துவைத்தேன்:
தொப்பி, நீலம், ஒன்று. வெளியே போனது.
திரும்பும் தேதிக்கு
இடம் விட்டிருக்கிறேன்.