கெல்சி கவுண்டி, இறுதி எண்ணிக்கை

ஏழு மணிக்குக் கதவைச் சாத்தினோம்.
ஏழு மணி ஒரு நிமிடத்தில்
தொலைக்காட்சி எங்கள் வடக்கு டகோட்டாவுக்கு
நிறம் பூசிவிட்டது.
டுவெய்ன் இன்னும் வந்து சேரவில்லை.
வடக்கு மூலையின் வாக்குப்பெட்டி
அவன் பிக்கப்பில், முன்னிருக்கையில், பெல்ட் போட்டுக்கொண்டு
பனிக்குள் ஊர்ந்துகொண்டிருந்தது.

அதிபர் யாரென்பது எங்களைக் கேட்டு முடிவாவதில்லை.
செனட்டும் அப்படித்தான்.
வாஷிங்டன் போகிற எங்கள் ஒற்றை உறுப்பினர்
பிஸ்மார்க்கில் ஏதோ ஹோட்டல் மேடையில் நன்றி சொன்னபோது
நாங்கள் ஹாம் சாண்ட்விச்சுக்குக்
கடுகுச் சாந்து தேடிக்கொண்டிருந்தோம்.

ஆளுநர், கருவூலர், காப்பீட்டு ஆணையர்,
கல்விக் கண்காணிப்பாளர்.
எந்திரம் விழுங்கி விழுங்கித் துப்பியது,
மளிகைக்கடைச் சீட்டுபோல நீளமாய்.
கூட்டினேன். சரிபார்த்தேன். தலைநகருக்கு அனுப்பினேன்.
யாரும் போனில் கூப்பிட்டு
அப்படியா என்று கேட்கவில்லை.

தாளின் பின்பக்கம், மடிப்புக்கும் கீழே
மண் காப்பு வாரியம். இடம் ஒன்று.
வேட்பாளர் எவருமில்லை.
ஒரு கோடு மட்டும்.
விருப்பமிருந்தால் ஒரு பெயர் எழுதலாம்.

எழுதியிருந்தார்கள்.
ஒருவர் தன் நாயின் பெயரை.
(அந்த நாயை எனக்குத் தெரியும். மோசமான தேர்வில்லை.)
ஒருவர் 'கடவுள்' என்று.
கவுண்டிக்குள் வசிப்பவரென்பதற்கு ஆதாரமில்லை, தள்ளினோம்.
கோர்டன் பீட்ஸுக்கு எட்டு.
பிறகு ஆர்டிஸ் க்வாமே. ஆர்டிஸ் குவாமி. க்வாமெ ஆர்டிஸ்.
வெறும் ஆர்டிஸ்.
இந்தக் கவுண்டியில் ஒரே ஆர்டிஸ்தான், ஏற்றுக்கொண்டோம்.
ஒன்பது.

ஒன்பதாவது தாளில் என் கை நின்றது.
அந்த 'கே' எழுத்தின் கீழ்க்காலை
கன்றை உதைக்கிற பசுவைப்போல நீட்டி எழுதுகிறவர்
இங்கே ஒருவர்தான்.
இருபத்திரண்டு வருடமாக
நிலவரிக் காசோலையில் 'கெல்சி கவுண்டி' என்று அவர் எழுத
நான் முத்திரை குத்துகிறேன்.

மெர்லின் ஷ்லெக்ட்.
பதினோரு வருடம் முன்பு, பனி உருகிய ஏப்ரலில்
ஆர்டிஸ் தன் வயலில் தேங்கியதை வாய்க்கால் வெட்டி இறக்க,
அது போய் அவருடைய நாற்பது ஏக்கரில் உட்கார்ந்தது.
கோர்ட்டுக்குப் போனார்கள்.
அன்றிலிருந்து தேவாலயத்தில்
அவர் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம்;
சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில்
இருவருக்கும் ஷூ கயிறு அவிழ்ந்துவிடும்.

வஞ்சமாகவும் இருக்கலாம்.
சம்பளமில்லாத பதவி. மாதம் ஒரு ராத்திரி
காற்றுத்தடுப்பு மரங்களைப் பற்றிக் கூட்டம், ஆறிய காபி.
இல்லை, தண்ணீர் எங்கே போகுமென்று
அவளுக்குத்தான் தெரியுமென்று நினைத்தாரோ.
கோதுமை அழுகிய மனிதருக்கு
அது தெரியாமலா இருக்கும்.

தாளை மற்ற எட்டோடு சேர்த்தேன்.
கண்டதைக் காணாததாக்க முடியாது, வாயை மூடலாம்.
கையுயர்த்திச் சத்தியம் செய்து
சம்பளம் வாங்குவது அதற்குத்தான்.

காலையில் போன் செய்தேன். பின்னால் பனிவாரி இரைந்தது.
"ஆர்டிஸ், ஜெயிச்சிட்டீங்க."
"எதுல?"
சொன்னேன்.
"நான் நிக்கவே இல்லையே, லவோன்."
"ஒன்பது பேர் எழுதியிருக்காங்க."
எந்திரத்தை அணைத்தாள்.
விரல்விட்டு எண்ணுகிறாள் என்று நினைக்கிறேன்.
"எட்டுப் பேர் சரி," என்றாள். "ஒன்பதாவது யாரு?"

வெளியே டுவெய்ன் படிக்கட்டில் உப்புத் தூவிக்கொண்டிருந்தான்.
சான்றிதழுக்குப் பெயரைப்
பிழையில்லாமல் சொல்லுங்கள் என்றேன்.

"க்வாமே. 'கே'-யில் தொடங்கும்."

தெரியும், என்றேன்.