கரடிப்பாதம்

முப்பது வருஷம் மேடைக்கு நெருப்பு வைத்தவன் நான்.
நரகத்தின் கதவு திறக்கும் காட்சியில்
திரைக்குப் பின்னால் குந்தியிருந்து
ஒரு கைப்பிடி மஞ்சள் தூளை
மெழுகுத்திரி மேல் ஊதுவேன்.
புஸ்.
முன்வரிசை முகங்கள் ஒரு கணம் பொன்னாகும்.
தூள் கிலோக் கணக்கில் தகரடப்பாவில் வரும்.
அது எதன் தூள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது துரிங்கியாவின் மலைச் சரிவில்
வீட்டுக்குப் பின்னே, ஸ்ப்ரூஸ் மரங்களின் இருட்டில்
அதைத்தான் வளர்க்கப் பார்க்கிறேன்.
இந்த ஊரில் அதற்குக் கரடிப்பாதம் என்று பேர்.

முதல் தொட்டி குழாய்த் தண்ணீரில் செத்தது.
சுண்ணாம்பு ஆகாதாம் அதற்கு.
பீப்பாயில் மழை பிடித்தேன்.
இரண்டாவதற்கு ஆசையாய் எரு வைத்தேன்,
கறுத்துப் போனது.
மூன்றாவதைக் குருவி கிளறியது, புழு தேடி.
அதன் மேல் குற்றமில்லை.

காட்டில் பிடுங்கினால் அபராதம்.
மரலாரிக்குப் பாதை வெட்டும் அன்று
வனக்காவலர் ஹைட்ரூன்தான் கூப்பிட்டார், அனுமதிச் சீட்டோடு:
"புல்டோசர் பத்து மணிக்கு. நீங்கள் எட்டுக்கு வாருங்கள்.
செடியை எடுக்காதீர்கள், தரையை எடுங்கள்."
ஒரு முழம் தரை,
ஊசியிலை மக்கும் பூஞ்சை நூலும் கலையாமல்,
டிராகன் முகமூடி வைத்திருந்த பழைய பெட்டியில்
வீடு வந்து சேர்ந்தது.

மூன்று வருஷம் அது ஒன்றுமே செய்யவில்லை.
விழுந்த சுள்ளிகளைப் பொறுக்கினேன். அவ்வளவே.
நாலாம் வருஷம் ஒரு கொடி
கல்பாதைக்குள் கை நீட்டியது.
ரோஸ்விதா துணிக்கொடிக்குப் போகும் பாதை.
"எந்தக் கொடி முக்கியம், சொல்லிவிடு" என்றாள்.
சொல்லவில்லை. கல்லைப் பெயர்த்துத் தள்ளி வைத்தேன்.
ஈரக் கூடையை இடுப்பில் வைத்து
அவள் இப்போது வளைந்து போகிறாள்.

ஆகஸ்டில் இரட்டைக் கதிர் நிமிர்ந்தது.
சுண்டினேன்.
மஞ்சள் புகை.

ஒரு துகள் செடியாகி மேலே வர,
மண்ணுக்கடியில் வெயில் காணாமல்
பத்துப் பதினைந்து வருஷம்கூட ஆகுமாம்.
கணக்குப் போட ஆரம்பித்தேன்:
ஒரு ஊதலுக்கு எத்தனை கோடி,
வாரம் நாலு காட்சி, ஞாயிறு பகல் வேறு...
நிறுத்திவிட்டேன்.

எனக்கு எழுபத்தொன்று.
சட்டைப்பையில் தீப்பெட்டி, பழக்கத்தால்.
அது அங்கேயே இருந்தது.
விரலில் ஒட்டியதை மரத்தடியில் உதறிவிட்டு
பீப்பாயில் கை கழுவப் போனேன்.
மணிமணியாய் உருண்டது தண்ணீர்.
விரல் நனையவேயில்லை.