மனை எண் பதினேழு

எருமைக்கு முதுகு அரித்தால்
மனை எண் பதினேழு சாய்ந்துவிடும்.
ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்குக்
கடப்பாரையோடு போய்க் கல்லை நிமிர்த்துவது
வேன் ஓட்டுகிற என் வேலையில் சேர்த்தி.
மஞ்சள் பூசிய அதன் தலையைத் துடைக்க வேண்டும்.
குளம்புப் பள்ளத்தில் மண்ணைத் தள்ளி மிதிக்க வேண்டும்.
"சாணி இருந்தா வாரிடு" என்பார் சம்பத் சார்,
"வர்றவங்களுக்கு மாடு தெரியக் கூடாது."

எட்டு மணிக்கு மூலக்கடையில் ஏற்றுவேன்.
மணலியில் ஜன்னலைச் சாத்தச் சொல்வேன்,
ஏனென்று யாரும் கேட்டதில்லை.
விச்சூர் வளைவில் காற்று மாறும்.
சரியாக அங்கேதான் சார் மைக்கை எடுப்பார்:
"இந்தக் காத்துக்கே சதுர அடிக்கு நூறு ரூபா கூடக் குடுக்கலாம்."

காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்ல மாட்டார்.
மேய்க்கால் புறம்போக்கு, பதினோரு ஏக்கர் முப்பது சென்ட்.
அதை ஒட்டி தேசம்மாளின் குத்தகைப் பாத்திகள்,
சிறுகீரையும் முளைக்கீரையும்.
அப்பால் கொசஸ்தலை.
சாரின் வழவழப்பான தாளில் இவை
அறுபதடிச் சாலை,
கட்டம் இரண்டு,
ஆற்று நோக்கு.

பள்ளிக்கூடம்? ரெண்டு கிலோமீட்டர்.
மெட்ரோ? வரும்.
தண்ணி நிக்குமா?
இதற்கு மட்டும் சார் என் பக்கம் திரும்புவார்:
"லோக்கல் ஆளு, அவரையே கேளுங்க."
"நிக்காதுங்க" என்பேன்.
முழுப் பொய்யில்லை.
அந்த டிசம்பரில் தண்ணீர் நிற்கவில்லை,
படுத்துக்கொண்டது.
பதினோரு ஏக்கரிலும் கால் நீட்டி ஒன்பது நாள்.
அது அங்கே படுத்ததால்
எங்கள் தெருவில் முழங்காலோடு போயிற்று.
சுவரில் விட்டுப்போன எண்ணெய்க் கோடு
இரண்டு கை சுண்ணாம்புக்குப் பின்னும்
எட்டிப் பார்க்கிறது.

குடியரசு தினக் கிராம சபையில்
மேய்க்காலில் சாலை கூடாது என்ற தீர்மானத்தின் கீழ்
நாற்பத்து மூன்றாவது கையெழுத்து என்னுடையது.
மறுவாரம் அந்தத் தாளின் நகல்
என் ஸ்டியரிங் மேல் இருந்தது.
சார் ஒன்றும் சொல்லவில்லை.
டீசலுக்குப் பணம் கொடுத்தார், எப்போதும்போல.
திட்டியிருந்தால் சாவியை வீசிவிட்டு இறங்கியிருப்பேன்.
மகளுக்கு இன்னும் இரண்டு செமஸ்டர் கட்ட வேண்டும்.

போன வாரம் வந்தவர்களில் ரெஜினா என்று ஒருத்தி.
காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறாள்.
பதினெட்டு வருஷம் ஒற்றை அறை,
ஐந்து பேர், குழாயடியில் வரிசை.
மனை பதினேழுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தாள்.
இங்கே அடுப்பு, இங்கே கட்டில் என்று
காலால் கோடு போட்டாள்.
திரும்பும்போது தேசம்மாளிடம் இரண்டு கட்டு வாங்கி
"எங்க வெளையுது இது?" என்றாள்.
"நீ நிக்கிற எடந்தாம்மா, கட்டம் ரெண்டு."

வேனில் என் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.
கீரை அவள் மடியில் ஈரம் சொட்டியது.
"நான் வாங்கலன்னா வேற யாராச்சும் வாங்குவாங்க, இல்ல?"
அவளுக்கு வீடு வேண்டும்.
இங்கே வேண்டாம்.
இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல
எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.
கியரை மாற்றுகிற சத்தத்தில் சொன்னேன்:
"ஐப்பசி மழையில ஒருவாட்டி வந்து பாருங்க.
வேன் வேணாம். பஸ்ல, தனியா."
கண்ணாடியில் சாரின் முகம் தெரிந்தது.
கேட்டதா என்று தெரியவில்லை.

இன்று நான்கு கல் சாய்ந்திருந்தன.
சுத்திகரிப்பு ஆலையின் தீ
கிழக்கே விடிவதுபோல் ஏமாற்றிக்கொண்டிருந்தது.
மூன்றை நிமிர்த்திவிட்டேன்.
பதினேழில் எத்திராஜின் எருமை நின்றது.
கண்ணை மூடிக்கொண்டு
இடுப்பிலிருந்து தோள்வரை
மெதுவாக, மறுபடி மெதுவாகத் தேய்த்தது.
மணி ஆறேகால்.
கடப்பாரையை ஊன்றி,
முடிக்கட்டும் என்று நின்றேன்.