இருபத்தெட்டாம் நாள்

எங்கள் பக்கம் கல் கிடையாது.
தோண்டினால் களி, அதற்குக் கீழே மணல்,
அதற்கும் கீழே வேறொரு களி.
அம்மி வேண்டுமென்றாலும் மேற்கே கைகாட்டும் ஊர்.
முக்கால் அங்குல ஜல்லி
புதுக்கோட்டையிலிருந்து வந்து இறங்கும்போது
பில்லில் கல்லுக்குப் பாதி, டீசலுக்குப் பாதி.

அதனால்தான் கொட்டாங்கச்சி.

முத்துப்பேட்டை ரோட்டில்
சதக்கத்துல்லா ராவுத்தரின் கொப்பரைக் களத்திலிருந்து
பன்னிரண்டு சாக்கு, லோடு ஆட்டோவில்,
மன்னார்குடி பாலிடெக்னிக் வாசலுக்கு.
சுத்தியலால் உடைத்தேன், சலித்தேன்.
நார் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்ததையெல்லாம்
நகத்தால் சுரண்டினேன்.

முதல் கலவையில் ஏமாந்தேன்.
காய்ந்த ஓடு, காய்ந்த தொண்டை;
சிமெண்டுக்கென்று ஊற்றிய தண்ணீரை
அது பாட்டுக்குக் குடித்துவிட்டது.
ஏழாம் நாள் மெஷினில் வைத்து அழுத்தினால்
புட்டு.
எச்.ஓ.டி. ஒன்றும் சொல்லவில்லை,
உதிர்ந்ததை ஷூ முனையால்
ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்.

விதைநெல்லை ஊறப்போடும் ஊரில் பிறந்துவிட்டு
இது தோன்றவில்லையே எனக்கு.
அடுத்த தடவை
ஒரு நாள் முழுக்கத் தொட்டியில் ஊறவைத்தேன்.
மேல் ஈரத்தைச் சாக்கில் ஒற்றி எடுத்தேன்.
வயிறு நிறைந்தவன் பந்தியில் பறக்கமாட்டான்.
கலவை அடங்கி உட்கார்ந்தது.

இன்று இருபத்தெட்டாம் நாள்.
மனிதருக்குப் பதினாறு போதும்,
கான்கிரீட்டுக்கு இன்னும் பன்னிரண்டு.
தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்து எடை பார்த்தேன்:
எட்டுக் கிலோ இருக்கவேண்டிய கட்டை
ஆறரையில் நின்றது.

காலிச் சாக்குகளை வாங்கிப்போக
களத்திலிருந்து வேம்பரசி வந்திருந்தார்,
தேங்காய் உடைத்து உடைத்து
இடது கட்டைவிரல் நகம் போனவர்.
'இருங்கக்கா, முடிச்சிட்டுத் தர்றேன்.'
ஸ்டூலில் உட்காராமல் நின்றே பார்த்தார்.

முள் நகர்ந்தது.
முந்நூறு. நானூறு.
நானூற்று எண்பதில் மூலையில் ஒரு முடிவெடிப்பு.
மூச்சுவிட மறந்தேன்.
ஐநூற்று எழுபதில்தான் விட்டுக்கொடுத்தது,
வெடிக்காமல், மெதுவாக,
பஸ்ஸில் தூங்குகிறவர் தோளில் சாய்வதுபோல.

'வீடு கட்டலாம்க்கா இதுல. கனம் கம்மி.'
'கனம் கம்மின்னா?
கஜா அன்னிக்கு எங்க கூரையும்
கனம் கம்மிதான் தம்பி.'

இது பறக்காது என்று சொன்னேன்.
களிமண்ணில் கனமான வீடு புதையும்,
லேசான வீடு அவ்வளவு புதையாது என்றும் சொன்னேன்.
தலையாட்டினார்.
நம்பியதற்கான தலையாட்டல் இல்லை அது.

பிறகு சுவர் சார்ட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார்.
'வே-ளாண் க-ழி-வு.
இதுவா கழிவு?
கூலியோட வாரம் ஒரு சாக்கு ஓடு எங்களுக்குன்னு பேச்சு.
அதுலதான் உலை.
கரிக்கம்பெனிக்காரன் வந்து கேட்டான், அரைச் சாக்காச்சு.
இப்ப நீங்களும் கேக்குறீங்க.'

நான் பன்னிரண்டு சாக்கை
அரை அரையாக எண்ணிப் பார்த்தேன்.
இருபத்து நான்கு உலை.
ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லை அடித்தேன்.
எச்.ஓ.டி. திரும்ப எழுதுவார்;
கழிவு என்றால்தான் நிதி.

உடைந்த முகத்தில்
வளைந்த வளைந்த ஓடுகள், சிமெண்டைக் கவ்வியபடி.
ஒன்றில் தேங்காயின் கண் ஒன்று
அப்படியே இருந்தது, குருடாக.

சாக்குகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
வேம்பரசி கேட்டார்:
'ஒடைஞ்ச கட்டையைத் தூக்கித்தானே போடுவீங்க?
அடுப்புக்கு மூணு குடுங்க.'
இரண்டுதான் கொடுக்க முடிந்தது.
ஒன்று ரெக்கார்டுக்கு வேண்டும்.
'பரவால்ல, மூணாவதுக்குச் செங்கல் இருக்கு'
என்று நடந்தார் பஸ் நிறுத்தத்துக்கு.

தீயில் இது எப்படி நிற்கும் என்று
கூப்பிட்டுச் சொல்ல நினைத்தேன்.
எனக்கே தெரியாது.
தீச்சோதனை எங்கள் திட்டத்தில்
அடுத்த வருஷம்தான்.