உள்தையல்

நாற்பத்துநாலு தசம் இரண்டு என்றார்
பஸ்லூனா மிஸ்.
பிறகு ஒரு கணம் சும்மா இருந்தார்.
அந்தச் சும்மாவைத்தான்
உப்புவெளி கிளினிக்கில் இருந்து வீடுவரை
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நிறை சரி. நீளம் சரி.
பேனை மட்டும்
மேல்கோட்டைத் தாண்டிப்போய்
வெறும் கடதாசியில் ஒரு புள்ளி வைத்தது,
துறைமுக வாய்க்கு வெளியே
நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் மாதிரி.
என்ன ஏற்றி வந்திருக்கிறது என்று
கரையில் நிற்பவளுக்கு எப்படித் தெரியும்?

நான் தையற்காரி.
இந்த ஊரின் எத்தனையோ தோள்கள், இடுப்புகள்
என் கொப்பியில் இருக்கின்றன.
கூடினால் பிரிப்பேன், குறைந்தால் பிடிப்பேன்.
அளவுக்குப் பயந்ததில்லை ஒருநாளும்.

இரவு, துருவன் பால் குடித்து மயங்கிய பிறகு
கழுத்தில் கிடக்கும் நாடாவை எடுத்து
புருவத்துக்கு மேலால், காதுக்கு மேலால்,
பின்னந்தலை மேட்டைச் சுற்றி
நாற்பத்துநாலு.
திரும்பவும்: நாற்பத்துநாலரை.
கரண்ட் போய், போன் வெளிச்சத்தில்: நாற்பத்தைந்து.
நாடா பழசு, இழுபட்டுப்போனது
என்று சொல்லிக்கொண்டேன்.
இழுபட்ட நாடா குறைத்துத்தான் காட்டும் என்பது
தையற்காரிக்குத் தெரியாதா?

உச்சிக்குழி துடிக்கிறது.
எண்ணெய் வைக்கிற விரல்
இப்போதெல்லாம் அங்கேயே நின்றுவிடுகிறது.
மேடா, பள்ளமா,
அழும்போது மட்டும் மேடா?

தவசீலன் ஒன்றும் கேட்பதில்லை.
சீனன்குடா மா மில்லில் இரவு வேலை முடிந்து
கண்ணிமையில் வெள்ளையோடு வருவான்.
பிள்ளையின் கொப்பியைத் திறந்து
அந்தப் புள்ளியைப் பார்ப்பான்.
மூடி வைத்துவிட்டு முகம் கழுவப் போவான்.
குழாய் நிறைய நேரம் ஓடும்.

அடுத்த கிளினிக்கில், வாங்கில் இருந்து,
மற்றப் பிள்ளைகளின் முகத்தை நான் பார்க்கவில்லை.
தலைகளைத்தான் பார்த்தேன்.
பக்கத்தில், கிண்ணியாவில் சொந்தவீடு என்றவள்,
மகளின் தலையை முந்தானையால் மூடியிருந்தாள்.
தேசிக்காய் போலச் சின்னத் தலை.
அவளும் என் மகனின் தலையைத்தான் பார்த்தாள்.
அவளுடைய புள்ளி கீழ்க்கோட்டுக்கும் கீழேயாம்.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கொப்பியை மூடினோம்.
ஒரு சென்ரிமீற்றர் வெட்டி
இவளுக்குக் கொடுத்தால் என்ன
என்று ஒரு கிறுக்கு நினைப்பு வந்தது.
அவளுக்கும் வந்திருக்கும்.
பெயர் கேட்காமலே எழும்பிவிட்டேன்.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கான்.
உச்சிக்குழியில் குளிர்ந்த பசை பூசினார்கள்.
துருவன் கத்தினான், பிறகு
லைட்டைப் பார்த்துச் சிரித்தான்.
டொக்டர் வீரக்கோன்
தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:
"தண்ணி கூட இல்ல. அப்பா, கொஞ்சம் குனி."

தவசீலன் குனிந்தான்.
அறுபத்தொன்று.
எட்டு வருடம் இவனுக்குச் சட்டை தைக்கிறேன்,
இவன் தலையை ஒருநாளும் அளந்ததில்லை.
"மில்லில எனக்கு மட்டும்
ஹெல்மெற் கடைசி ஓட்டையில்தான் டொக்டர்"
என்றான், பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவன் மாதிரி.
டொக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை,
தாதி துடைப்பத் துண்டு தந்தபிறகுதான்
முகம் நனைந்திருப்பது தெரிந்தது.

"ஆனா ஒரு மாசத்தில திரும்ப அளக்கணும்" என்றார்.
"எலும்பு இன்னும் ஒட்ட இல்ல. இடைவெளி இருக்கு.
வளர இடம் வேணும்தானே."

வெளியே, வெயிலில்,
மதில் ஓரம் இரண்டு மான்கள்
யாரோ போட்ட லன்ச் சீற்றை மென்றுகொண்டு நின்றன.
நான் அந்த இடைவெளியை நினைத்துக்கொண்டு நடந்தேன்.
வளருகிற பிள்ளையின் சட்டைக்கு
நானும் ஓரத்தில் துணி மடித்து விடுகிறவள்தானே.
வெளியில் தெரியாது.
தைத்தவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து
அவன் பிறக்கமுன் தைத்த தொப்பியைப்
பிளேட்டால் பிரித்தேன்,
மூன்றாவது தரம்.

அடுத்த அளவு பதினேழாம் திகதி.
நாடாவைச் சுருட்டி
அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன்.
கை எட்டுகிற உயரம்தான்.