முன்சக்கரம் அடுத்த வண்டியில்

மணிலாவில் மழை நின்ற மறுநிமிடம்
எது சாலை, எது சாக்கடை என்பதைப்
பள்ளங்கள்தான் முடிவு செய்கின்றன.
காலை ஐந்தே கால்.
எட்ஸா நெடுஞ்சாலையில்
பேருந்தின் சூடான மூச்சுக்கும் மதகுக்கும் நடுவே
எனக்கு ஒரு முழம் இடம்.
அதிலும் பாதியை
மீன் உருண்டை பொரிக்கிறவர் பிடித்திருக்கிறார்.
மணியடித்தேன்.
எண்ணெய்ச் சட்டியை மட்டும் நகர்த்தினார்.

பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீர் என்றார்கள்.
சைக்கிளைத் தோளில் சுமந்து
ரயில் நிலையத்தின் படியேறினேன்,
அறுபத்திரண்டு படி.

"மடிக்கிற சைக்கிளுக்குத்தான் அனுமதி."
காவலரின் சட்டையில் பெயர்: டிமகுலாங்கன்.
குறைக்க முடியாதவன் என்று பொருள்.
விதியிலும் அவர் எதையும் குறைக்கவில்லை.
பதினைந்தாம் எண் ஸ்பேனரை எடுத்துக்
குத்தவைத்து உட்கார்ந்தேன்.
இடது நட்டு. வலது நட்டு.
முன்சக்கரம் கையோடு வந்தது.
"இப்போது?"
சைக்கிளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்,
எனக்குப் பின்னால் முணுமுணுக்கத் தொடங்கிய
வரிசையைப் பார்த்தார்.
"மடிந்துவிட்டது," என்றார்.
எந்தப் பொருளில் என்று நான் கேட்கவில்லை.

பெட்டிக்குள்
மூச்சை இழுத்தவர் விட இடமில்லை.
சட்டகம் என் கால்களுக்கு நடுவே,
முட்கரண்டி யாரோ ஒருவரின் ரொட்டிப் பைக்குள்.
"கொடுங்கள் ஆத்தே,"
மூத்தவளை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது,
என்று ஒரு பையன் சக்கரத்தை வாங்கிக்கொண்டான்.
இரவு வேலை முடிந்த கண்கள்,
கழுத்தில் இன்னும் அலுவலகப் பட்டை.
சக்கரத்தை நெஞ்சோடு அணைத்து
நின்றபடியே தூங்கினான்.

குபாவோவில் கதவு திறந்தது.
கூட்டம் இறங்கவில்லை, கொட்டியது.
அதோடு அவனும்.
கதவு மூடிய பிறகுதான் விழித்தான் போல.
கண்ணாடிக்கு அப்பால், தலைகளுக்கு மேலே,
பூசையில் பாதிரியார் உயர்த்தும் அப்பம்போல
என் சக்கரம்.

பெட்டி முழுதும் ஆலோசனை.
அடுத்த நிலையத்தில் இறங்கு.
இறங்காதே, கடைசி வரை போ.
புகார் கொடு.
ரொட்டிப் பைக்காரி விலை கேட்டாள்.
எண்ணூறு பேஸோ என்றேன்.
அதுவரை அவனை நல்லவன் என்றவர்களும்
கொஞ்சம் யோசித்தார்கள்.

சான்டோலானில் இறங்கி நின்றேன்.
எங்கே இறங்குவேன் என்று அவனிடம் சொல்லியிருக்கவில்லை.
அவன் பெயரும் கேட்டிருக்கவில்லை.
ஒற்றைச் சக்கரச் சைக்கிளோடு நிற்கிறவளுக்கு
எல்லாரும் வழிவிடுகிறார்கள்,
ஏதோ விபத்தின் மிச்சம் என்று நினைத்து.

ஒரு ரயில் வந்தது. இல்லை.
இன்னொன்று. இல்லை.

(முப்பத்தேழு நிமிடத் தாமதத்துக்கு
மேலாளர் காரணம் கேட்பார்.
என் சக்கரம் அடுத்த வண்டியில் வந்தது என்பேன்.
'போக்குவரத்து' என்று எழுதிக்கொள்வார்.
அது பிறகு.)

மூன்றாவதில், நடுப்பெட்டியில்,
கம்பிகள் மினுங்கின.
அவனால் வாசலுக்கு வர முடியவில்லை.
சக்கரம் மட்டும் வந்தது,
தலைக்கு மேல் கைகள் மாறி மாறி:
மருதாணிச் சிவப்பில் நகம் பூசிய கை,
சிமெண்ட் காய்ந்த கை,
கைப்பேசியை விடாத கை,
கடைசியில் ஒரு பள்ளிச் சிறுமி
இரண்டு கையாலும் நீட்டினாள்.
டயரில் அத்தனை பேரின் சூடு.

அவன் ஜன்னலில் தெரிந்தான்.
வெள்ளைச் சட்டையின் குறுக்கே
கறுப்பாக ஒரு பிறைக் கீற்று.
ஓட்டல் சலவைக்கூடத்தில்
பதினோரு வருடமாக வெள்ளைத் துணி வெளுக்கிறவள் நான்.
நன்றி என்று வாயெடுத்தேன்.
"மண்ணெண்ணெய் ரெண்டு சொட்டு!
அப்புறம் சோப்பு! வெந்நீர் மட்டும் வேண்டாம்!"
கதவு மூடிக்கொண்டது.
காதில் கை வைத்து, புரியாமல்,
சிரித்துக்கொண்டே போனான்,
தன் வீட்டுக்கு எதிர்த் திசையில்தானோ என்னவோ.

வலது நட்டு. இடது நட்டு.
நடைமேடையில் ஓட்டக் கூடாது என்று
எங்கோ ஒரு விசில்.
தள்ளிக்கொண்டுதான் போகிறேன், ஐயா.